மீன் தூளோடு போனது

தீவன ஆலைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம், கறிக்கோழித் தீவனத்துக்குக் கணக்குப் போடுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. நாங்கள் தாள் தாளாகப் பெருக்கிக் கழித்ததை இன்று கணினி உடனே செய்துவிடுகிறது, எங்களைவிடச் சரியாகவும் செய்கிறது. ஆனால் நாம் கொடுத்த தீவனத்தைத் தின்ற குஞ்சுகள் ஒரு ஷெட்டில் எழுந்து நிற்க முடியாமல் கிடக்கும்போது, அவற்றை வளர்த்தவரிடம் என்ன சொல்வது என்று எந்தக் கணினியும் சொல்லித் தராது. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையில், பூனாவை அடுத்த பாணேரில் அப்படி ஒரு ஷெட்டில் நான் நிற்க வேண்டி வந்தது.

அப்போது போசரி தொழிற்பேட்டையில் ஒரு தீவன ஆலையின் ஆய்வகத்தில் இருந்தேன். வந்து இறங்கும் மூட்டைகளில் ஈரம் எவ்வளவு, புரதம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வாரத்தில் சில நாள் ஜீப்பில் போய், எங்கள் தீவனம் வாங்கும் பண்ணைகளையும் பார்த்துவிட்டு வருவேன். அந்த இரண்டாவது வேலைதான் எனக்குப் பிடித்திருந்தது, அந்தக் கோடை வரும்வரை.

அன்றைக்குக் கோழித் தீவனத்தில் புரதம் என்றால் கடலைப் புண்ணாக்கும் மீன் தூளும்தான். மழைக்காலத்தில் இரண்டுமே கைவிட்டுவிடும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்து, கண்ணுக்குத் தெரியாத நஞ்சு ஊறும். முந்தின மழையில் அந்த நஞ்சால் செத்த குஞ்சுகளை அறுத்து அறுத்து, வெளிறிப்போன ஈரல்களைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் கறி சாப்பிடுவதையே கொஞ்ச நாள் விட்டிருந்தேன். மீன் தூளோ, படகுகள் கடலில் இறங்காத மாதங்களில் பாதி மணலாக வந்து சேரும்.

எங்கள் தொழில்நுட்பத் தலைவரை எல்லோரும் சாகேப் என்போம். மராத்திக்காரர், அதிகம் பேசாதவர். அந்த ஆண்டு மழைக்கு முன்பே இரண்டையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். மத்தியப் பிரதேசத்திலிருந்து சோயாப் புண்ணாக்கு வரத் தொடங்கியிருந்த நேரம் அது. சோயாவோடு கொஞ்சம் சூரியகாந்திப் புண்ணாக்கு சேர்த்து, மீன் தூளே இல்லாமல், முழுக்கச் செடியிலிருந்து கிடைக்கும் புரதத்தை வைத்து ஒரு தீவனம் தயாரானது. சரியாக வேகாத சோயா குஞ்சின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் வந்த ஒவ்வொரு லோடையும் சோதித்தேன். நன்றாகவே வெந்திருந்தது. ஆலைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் கொஞ்சம் குஞ்சுகளை அந்தத் தீவனத்திலேயே வளர்த்தும் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

அந்தப் புதுத் தீவனத்தை முதலில் எடுத்துக்கொண்டு போனவர் ஞானமுத்து.

ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம். ஊருக்குத் திரும்பாமல் பாணேரில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கோழி ஷெட் போட்டிருந்தார். இன்று உங்களில் சிலர் குடியிருக்கும் அடுக்குமாடிகளின் இடத்தில் அன்று சோளக் கொல்லைகள். ஆலைக்கு முதல்முறை வந்தவர் வாசலில் காவலாளியோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். அந்த இந்தியில் இருந்த தாமிரபரணித் தண்ணீரைக் கேட்டுவிட்டு நான் வெளியே வந்து, "நீங்க தமிழா?" என்றேன். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் பூனா கிர்க்கியில் பிறந்து வளர்ந்தவள், எங்கள் வீட்டில் பேசுவது வேலூர்த் தமிழ், அதுவும் பாதி இந்தி கலந்தது. 'அண்ணாச்சி' என்று கூப்பிட அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். எந்தத் தீவனம் எடுப்பது என்று அவர் கேட்டபோது புதிதை எடுத்துக்கொள்ளச் சொன்னவள் நான். "நம்ம பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வேறு எதுவும் கேட்காமல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்.

குஞ்சுகள் வந்து மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் நான் ஆலைக்குள் நுழையும்போதே அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"எம்மா, கொஞ்சம் வந்து பாருங்க. குஞ்சு நிக்க மாட்டேங்கு."

"எல்லாமா அண்ணாச்சி?"

"முந்தாநாள் ரெண்டு மூணு. நேத்து ஒரு மூலை முழுக்க. இன்னிக்கு எண்ணவே பயமா இருக்கு."

எங்கள் ஆலைக்காகப் பண்ணைகளைப் பார்த்துவந்த கால்நடை மருத்துவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அனுபவமுள்ளவர், நேர்மையானவர். அவரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

ஞானமுத்துவின் ஷெட்டைப் போலச் சுத்தமான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுவரில் புதுச் சுண்ணாம்பு, தரையில் புது உமி, வரிசை பிசகாத தண்ணீர்த் தட்டுகள். அந்த வரிசைகளுக்கு நடுவே குஞ்சுகள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தன. தீவனத் தட்டுக்குப் போக நினைத்தவை இறக்கைகளைத் தரையில் ஊன்றி, நொண்டி நொண்டித் தவழ்ந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். கால் விரல்கள் உள்நோக்கி மடங்கி, முஷ்டி மாதிரி மூடியிருந்தன. விரித்துவிட்டேன். திரும்பவும் மடங்கிக்கொண்டன. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. கையில் தீவனத்தைக் காட்டினால் ஆவலோடு கொத்தியது. சாகப்போகும் குஞ்சு அப்படிக் கொத்தாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதையெல்லாம் சொல்லிவிட முடியுமா?

மருத்துவர் ஒரு குஞ்சை அறுத்தார். தொடைக்குள் ஓடும் நரம்பை எடுத்து என்னிடம் காட்டினார். நூல் மாதிரி இருக்க வேண்டியது தடித்து வீங்கியிருந்தது.

"மாரெக்ஸ்" என்றார்.

நரம்பைத் தாக்கும் வைரஸ் நோய் அது. மருந்து கிடையாது. இறகுத் தூசியில் ஏறிக் காற்றில் பரவும். நாங்கள் பேசியது இந்தியில். அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "மொத்தத்தையும் கொன்னு, குழியில போட்டு, சுண்ணாம்பு கொட்டி மூடணும். இன்னிக்கே செஞ்சா நல்லது. இல்லேன்னா இந்தப் பக்கத்துல இருக்கிற எல்லாப் பண்ணைக்கும் போயிடும்."

ஞானமுத்துவுக்கு அந்த இந்தி நன்றாகவே புரிந்தது. இருந்தாலும் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "அப்படித்தானாம்மா?"

கையிலிருந்த குஞ்சை நான் உமியில் இறக்கிவிட்டேன். ஷெட்டின் வாசலில் அவர் மனைவி ஜெயராணியக்கா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

திரும்பும் வழியில் ஜீப்பில் எனக்கு ஏற்பட்ட உணர்வை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நிம்மதியாக இருந்தது. நோய்தான். தீவனம் இல்லை, சோயா இல்லை, நான் எடுக்கச் சொன்ன மூட்டைகள் இல்லை. வெயில் காற்று முகத்தில் அடிக்க, அந்த நிம்மதியில் கொஞ்ச தூரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். பிறகு அதுவே என்னைப் பயமுறுத்தத் தொடங்கியது. இந்தப் பதில் எனக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறதே, இது எங்கள் ஆலைக்கு எதிரான பதிலாக இருந்திருந்தால் இப்படி ஒரே பார்வையில் ஒத்துக்கொண்டிருப்பேனா?

மடங்கிய விரல்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன. மாரெக்ஸ் வந்த கோழி பெரும்பாலும் ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே நீட்டிக்கொண்டு கிடக்கும். அது இவ்வளவு சின்னக் குஞ்சுகளுக்கு வருவதும் அபூர்வம். விரல்கள் முஷ்டி மாதிரி மடங்குவதைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். பி இரண்டு என்கிற வைட்டமின் போதாவிட்டால் அப்படி ஆகும். நரம்பும் தடிக்கும். அந்த வைட்டமின் மீன் தூளில் நிறைய உண்டு, சோயாவில் குறைவு. நாங்கள் தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின் கலவையோ, மீன் தூள் இருந்த காலத்தில் அதையும் நம்பி அளவு வைத்தது. மீன் தூளை எடுத்தோம். போன புரதத்துக்கு ஈடு கட்டினோம். அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போகும் என்று கேட்டோமா?

நெடுஞ்சாலையில் கசார்வாடி வந்ததும் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். அங்கே லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர், பட்டறைக்குப் பின்னால் சின்னதாகக் கறிக்கோழி வளர்த்தார். ஞானமுத்துவுக்கு வந்த அதே குஞ்சுகள், அதே நாளில் இவருக்கும் வந்திருந்தன. தீவனம் மட்டும் பழையது. முன்பே வாங்கிப் போட்டிருந்த மூட்டைகள் தீரட்டும் என்று வைத்திருந்தார். இரும்புத் தூள் பறக்கும் பட்டறையைத் தாண்டிப் பின்னால் போனேன். என் காலடிச் சத்தத்துக்குக் குஞ்சுகள் எல்லாம் ஒரே ஓட்டமாக எதிர்ச் சுவருக்கு ஓடின.

ஒன்றுகூட நொண்டவில்லை.

மருத்துவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வைரஸ் எல்லாக் கூரைக்கும் ஒரே நாள்ல போகாது. இங்கே அடுத்த வாரம் வரும். அப்ப என்ன சொல்வே?" என்றார். அதிலும் தவறில்லை. அதுதான் என்னை மேலும் கலக்கியது. அவர் சொல்வது சரியாக இருந்து, நான் கொல்வதைத் தடுத்தால், கசார்வாடிக் குஞ்சுகளும் என்னால் சாகும்.

ஆலைக்குள் நுழைந்தபோது முற்றத்தில் இரண்டு லாரிகளில் புதுத் தீவனம் ஏறிக்கொண்டிருந்தது. நேராக சாகேபின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர் மாரெக்ஸ்னு சொல்லிட்டார். நீ தீவனம்னு சொல்றே. உனக்கு எவ்வளவு நிச்சயம், ஸ்டெல்லா?"

"பாதிகூட இல்ல சார்."

"பாதிகூட இல்லாத நிச்சயத்துக்காக லாரியை நிறுத்தணுமா?"

"நிறுத்தி வச்சா நாளைக்கு அனுப்பிக்கலாம் சார். அனுப்பிட்டா, அதைத் தின்ன குஞ்சுகிட்டேயிருந்து திருப்பி வாங்க முடியாது."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "நாம வித்த தீவனத்தால கால் விழுந்துச்சுன்னு ஒரு பண்ணைக்காரன் சொன்னா போதும். வைட்டமின் கதையை யாரும் கேட்க மாட்டாங்க. சோயா கொன்னுடுச்சுன்னுதான் சொல்வாங்க. எல்லாரும் கடலைப் புண்ணாக்குக்குத் திரும்புவாங்க. மழை வருது. போன வருஷம் நீதானே அந்த ஈரலையெல்லாம் அறுத்துப் பார்த்தே?"

ஆமாம், நான்தான். அவர் ஆலையின் பேரைக் காப்பாற்ற மட்டும் பேசவில்லை. வரப்போகும் மழையில் சாகப்போகும் குஞ்சுகளையும் சேர்த்தே நினைத்தார். மேலதிகாரி கெட்டவராக இருந்துவிட்டால் முடிவு எடுப்பது சுலபம். பெரும்பாலும் அப்படி அமையாது.

கடைசியில் அவரே வெளியே போய் லாரிகளை நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்து, "வைட்டமின் கொடுத்துப் பாரு. ஆனா தீவனம்னு வாயைத் திறக்காதே. தெம்புக்குக் கொடுக்கிறோம்னு சொல்லு, போதும்" என்றார்.

ஊருக்குள் போய், கால்நடை மருந்துக் கடையில் தண்ணீரில் கலந்து கொடுக்கும் பி காம்ப்ளெக்ஸ் மருந்து இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு பாணேருக்கு விரைந்தேன். வழி முழுக்க ஒரே யோசனை. தெம்புக்கு என்று சொன்னால், கொல்லப்போகும் குஞ்சுக்குத் தெம்பு எதற்கு என்று கேட்க மாட்டாரா? டாக்டர் பேச்சை மீறிக் காத்திருக்கச் சொன்னால், அதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

ஞானமுத்து குழியை இடுப்பளவு வெட்டியிருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் சுண்ணாம்பு மூட்டை. என்னைப் பார்த்ததும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள?"

"அண்ணாச்சி, இன்னிக்குக் கொல்ல வேண்டாம். கொஞ்சம் பொறுங்க."

"பரவுற சீக்குன்னாரே டாக்டர்?"

"அவர் சொல்றது சரியா இருக்கலாம். ஆனா எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இது சீக்கா இல்லாம, எங்க தீவனத்துல இருக்கிற குறையா இருக்கலாம்."

சொல்லிவிட்டேன். அவர் குழிக்குள் நின்றபடியே என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"உங்க தீவனமா?"

"ஆமா."

"நீங்க எடுக்கச் சொன்னதா?"

"ஆமா அண்ணாச்சி. மீன் தூளை எடுத்துட்டோம். அதோட ஒரு சத்தும் போயிருக்கும்னு நினைக்கிறேன். அது திரும்பக் கிடைச்சா குஞ்சு எழுந்திரிக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியல. நான் சொல்றது தப்பா இருந்தா, சீக்கு பக்கத்துப் பண்ணைக்கெல்லாம் போயிடும். அதுவும் எனக்குத் தெரியும்."

அவர் குழியிலிருந்து மேலே ஏறி வந்தார். பட்டாளத்தில் எத்தனையோ பேரை அதட்டியிருப்பார். என்னை அதட்டவில்லை. மெல்லத்தான் கேட்டார்: "உங்க கம்பெனிக்கு இது தெரியுமா? நீங்க இங்க வந்து இப்படிச் சொல்லுதது?"

"மருந்து குடுக்கச் சொன்னாங்க. இதைச் சொல்லச் சொல்லல."

அவர் மனைவியைப் பார்த்தார். ஜெயராணியக்கா கிட்டே வந்தார். என் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டார்.

"கொல்லணும்னா நாளைக்கும் கொல்லலாம்லா? குழி எங்கயும் ஓடிப் போகாது. எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு ஊத்தணும்னு சொல்லுங்க."

விழுந்த குஞ்சுகளைத் தனியாகப் பிரித்தோம். தண்ணீர்த் தட்டை எட்ட முடியாதவற்றுக்கு அக்காவும் நானும் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டோம். மோரிலும் அந்தச் சத்து உண்டு என்று நான் சொன்னதும், அக்கா பக்கத்து மராத்தி வீடுகளுக்கெல்லாம் போய்க் கெஞ்சி மோர் வாங்கி வந்தார். யாரும் ஷெட்டுக்குள் வராமலும், உள்ளே போனவர்கள் வேறு கோழிகள் பக்கம் போகாமலும் அண்ணாச்சி பார்த்துக்கொண்டார். நோயாக இருந்தால் அந்த அளவாவது தடுக்கட்டும்.

அதன்பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. நமது தொழிலில் மிகக் கடினமான பகுதி இதுதான். செய்ய வேண்டியதைச் செய்து முடித்தாயிற்று. அது சரியா தப்பா என்று உடம்பு சொல்லும்வரை நாம் பேசாமல் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை போனேன். புதிதாக இன்னும் கொஞ்சம் குஞ்சுகள் விழுந்திருந்தன. பழையவற்றில் ஒன்றும் எழவில்லை. அண்ணாச்சி என் பக்கம் திரும்பாமல் தட்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தார். மருத்துவரும் வந்துவிட்டார். கொல்லச் சொன்ன குஞ்சுகள் உயிரோடு இருப்பதைப் பார்த்து அவர் முகம் சிவந்தது. "ஒரு ஏரியாவோட கோழியை வச்சு விளையாடறே" என்றார். அந்த நாட்களில் வீட்டில் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். "என்னடி ஆச்சு, காய்ச்சலா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். கசார்வாடிப் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று விசாரிப்பேன். அந்தக் குஞ்சுகள் ஓடுகின்றனவா? ஓடின. நாளைக்கும் ஓடுமா?

சில நாள் கழித்து நான் ஷெட்டுக்குள் நுழைந்தபோது ஜெயராணியக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று ஜாடை காட்டினார். அவருக்கு முன்னால் ஒரு குஞ்சு நின்றுகொண்டிருந்தது. கால்கள் நடுங்கின, விரல்கள் பாதிதான் விரிந்திருந்தன. ஆனால் நின்றது. எங்கள் கண் முன்னாலேயே தட்டுக்கு ஓரடி வைத்து, தடுமாறி விழுந்து, மறுபடி எழுந்தது.

"காலையிலேர்ந்து இது நாலாவது" என்று அக்கா கிசுகிசுத்தார். "அவங்ககிட்ட இன்னும் சொல்லல. பொய்யாப் போயிருமோன்னு பயமா இருக்கு."

எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் பொய்யாகவில்லை. கடைசியாக விழுந்தவை முதலில் எழுந்தன. புதிதாக ஒன்றும் விழவில்லை. மருத்துவர் மறுபடி வந்தபோது குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து விரல்களை விரித்துப் பார்த்தார்.

"நரம்பு தடிச்சிருந்தது உண்மை" என்றார்.

"உண்மைதான் சார். நானும் பார்த்தேன்."

"ரெண்டுக்கும் தடிக்கும்னு எனக்கும் தெரியும். முதல்ல ஞாபகம் வந்ததைப் பிடிச்சுக்கிட்டேன்." அவ்வளவுதான். சுண்ணாம்பு மூட்டையை அவரே தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

எல்லாம் எழுந்துவிடவில்லை. முதலில் விழுந்தவற்றுக்கு நரம்பு கெட்டே போயிருந்தது. எவ்வளவு மருந்து கொடுத்தும் அவை முட்டியிலேயே தவழ்ந்தன. அண்ணாச்சி அவற்றை ஒரு கூடையில் எடுத்து வைத்தார். "இதுகள் என்னம்மா ஆகும்?" என்றார். இனி நடக்காது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நீங்க போங்க, இதப் பாக்க வேண்டாம்" என்றார். நான் போகவில்லை. அவர் வெட்டிய குழி சும்மா கிடக்கவில்லை. ஒவ்வொன்றாக அவர் முடித்துப் போட, கூடை காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

எங்கள் கொட்டகையில் ஏன் ஒரு குஞ்சுக்கும் எதுவும் ஆகவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அங்கே தரையில் இருந்தது பல கோழிக் கூட்டங்கள் ஏற்கெனவே வளர்ந்துபோன பழைய உமி. அதில் நுண்ணுயிர்கள் பெருகி, அதே வைட்டமினை உண்டாக்கியிருந்தன. குஞ்சுகள் அதைக் கொத்திக் கொத்தித் தங்கள் குறையைத் தாங்களே தீர்த்துக்கொண்டன. அண்ணாச்சி புது உமி போட்டு, ஷெட்டை அத்தனை சுத்தமாக வைத்திருந்தார். அந்தச் சுத்தத்தில்தான் எங்கள் குறை வெளியே வந்தது. ஒரு சோதனையில் தேறிவிட்டால், எது அதைத் தேற வைத்தது என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

சாகேபிடம் முழுவதையும் சொன்னேன், அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்பதையும். அவர் என்னைத் திட்டவில்லை. அன்றே வைட்டமின் கலவையின் அளவை மாற்றினார். நிறுத்திய லாரிகளின் மூட்டைகளைப் பிரித்து மறுபடி கலக்கச் சொன்னார். ஆனால் அதன்பிறகு நீண்ட காலம் பண்ணைக்காரர்களின் கூட்டங்களுக்கு என்னை அழைக்கவில்லை. அவர் பயந்தது அப்படியே நடக்கவும் செய்தது. 'சோயா போட்டா கால் விழுந்துடும்' என்று பூனாவைச் சுற்றிப் பேச்சு பரவியது. பலர் கடலைப் புண்ணாக்குக்கே திரும்பினார்கள். மழையில் அவர்களில் சிலர் குஞ்சுகளை இழந்தது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் குஞ்சுகள் பிழைத்திருக்குமோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இதற்கு எனக்கு இன்றுவரை சுத்தமான பதில் கிடையாது. அப்படி ஒரு பதில் இருப்பதாக உங்களிடம் நடிக்கவும் மாட்டேன். ஒன்று மட்டும் தெரியும்: பாணேரில் அந்தக் குழிக்கரையில் வேறு மாதிரிப் பேசியிருக்க என்னால் முடிந்திருக்காது.

ஞானமுத்து எங்களிடம் வருவதை நிறுத்திவிட்டார். வேறு எங்கோ தீவனம் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை, கேட்கவும் இல்லை.

மழை விட்டு, வெயில் அடிக்கத் தொடங்கிய ஒரு நாள், முற்றத்தில் டெம்போ ஒன்று வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார். அலுவலகத்துக்குப் போகாமல் நேரே ஆய்வகத்துக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அந்தச் சத்த இப்ப சேத்தாச்சா?"

"சேர்த்தாச்சு அண்ணாச்சி. உட்காருங்க, சாகேபைக் கூப்பிடறேன், அவரே விவரமாச் சொல்வார்."

"அவர்ட்ட நான் கேக்க வரல. உங்கள்ட்டதான் கேக்கேன். நீங்க பாத்தியளா?"

"பார்த்தேன்."

"அப்ப ஏத்தச் சொல்லுங்க" என்று டெம்போ டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார். போகும்போது, அக்கா விசாரித்ததாகச் சொன்னார்.

டெம்போ தொழிற்பேட்டைச் சாலையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. முதல்முறை அவர் எதுவும் தெரியாமல் என்னை நம்பினார், இந்த முறை எல்லாம் தெரிந்து நம்பிவிட்டுப் போகிறார். இது முன்னதைவிடப் பாரமாக இருந்தது. வைட்டமின் கலவையை அன்று காலையில்தான் என் கையாலேயே சரிபார்த்திருந்தேன். இருந்தும் கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு போய், கலவை இருந்த டிரம்மின் மூடியைத் திறந்து, இன்னொரு முறை பார்த்தேன்.